டிக்கி கோணலா? திருகுவதா, தட்டுவதா, மூடியையே மாற்றுவதா

பழைய செடான் காரில் டிக்கி மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் "மூடியை மாத்திடுங்க" என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. மாற்றுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கம், எப்படிக் கோணலாக இருக்கிறது என்று பாருங்கள். மூடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் உள்ள சந்து மேலிருந்து கீழே வரும்போது அகலமாகிக்கொண்டே போனால் மூடி கீலில் திரும்பியிருக்கிறது. சந்து சீராக இருந்து, பின் ஓரம் மட்டும் பம்பர் பக்கம் உயரமாக நின்றால் லாக் கொக்கியோ மூலையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷோதான் காரணம். சந்து 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்பது பெரிய விஷயமில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

என் ஓட்டு முதலில் திருகிச் சரிசெய்வதற்குத்தான். கீல் போல்ட் துளைகள் பெரும்பாலான கார்களில் கொஞ்சம் நீளமாகவோ பெரிதாகவோ இருக்கும், மூடியை நகர்த்துவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கீலைச் சுற்றி மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு, ஒரு ஆள் மூடியைப் பிடிக்க இன்னொருவர் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும். இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: பாடியில் இருக்கும் லாக் கொக்கியை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். கொக்கி இருந்தால் மூடும்போது அது மூடியைத் தன் பக்கம் இழுத்துவிடும், கீலில் செய்த வேலை சரியா தப்பா என்றே தெரியாது. மூடி தானாகவே நேராக உட்கார்ந்த பிறகு கொக்கியைப் பூட்டி அதற்கேற்ப நகர்த்துங்கள், ரப்பர் புஷ்ஷின் உயரம் கடைசியாக. ஆனால் மூடியைத் தூக்கும் முறுக்குக் கம்பிகள் உள்ள காரில் அவற்றின் மேல் கை வைக்காதீர்கள், தெறித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

டின்கரிங், அதாவது தகட்டைத் தட்டியும் இழுத்தும் நேராக்குவது, எப்போது? பின்னால் அடிபட்ட காருக்கு. ஸ்டெப்னி குழியின் தகட்டில் மடிப்பு, மூலைகளில் வெடித்த சீலன்ட், ஒரு பக்க விளக்கு மட்டும் உள்ளே போனது போன்ற தோற்றம், இதில் எது தெரிந்தாலும் பாடியே நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது கீலைத் திருகினால் ஒரு சந்து சரியாகும், இன்னொன்று கெடும். இழுத்து நேராக்கத்தான் வேண்டும். செலவு கூடுதல், பெயின்ட் வேலையும் சேரும், வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு புதுப் பூச்சு ஒத்துப்போகாமல் தனியாகத் தெரிவதும் நடக்கும்.

காயலான் கடை மூடி வாங்குவது எனக்குக் கடைசி வழி. கீழ் விளிம்பின் மடிப்புக்குள் தண்ணீர் தங்கித் துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால் சரி, வாங்கலாம். கோணலுக்காக மட்டும் வாங்கினால், வளைந்த பாடியில் நேரான மூடியும் கோணலாகத்தான் உட்காரும். சாவி வேறு, நிறம் வேறு, லாக் வயரும் மாற வேண்டி வரலாம்.

அப்புறம் ரப்பர் பீடிங், டிக்கி வாயின் விளிம்பைச் சுற்றி ஓடும் குழல் போன்ற ரப்பர் பட்டை. இதில் மட்டும் பழைய சாமான் வேண்டவே வேண்டாம், இன்னொரு காரில் பல வருடம் அமுங்கிக் கிடந்த ரப்பர் உங்கள் காரில் வந்து எழுந்து நிற்காது. புது அசல் பீடிங் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரோல் பீடிங்கும் வேலை செய்யும், குழலின் தடிமன் பழையதோடு ஒத்துப்போனால். தடிமன் கூடினால் மூடி லாக் ஆகாது, ஆளாளுக்கு ஓங்கி அறைவார்கள், சரிசெய்த கொக்கி மறுபடி நகரும். பொருத்திய பிறகு விளிம்பில் ஒரு காகிதத்தை வைத்து, டிக்கியை மூடிவிட்டு அதை இழுத்துப் பாருங்கள், சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடம் அமுங்கவில்லை. தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை, புகைக்குழாயின் நச்சு வாயுவும் அந்த வழியாக உள்ளே வரலாம்.

உள் டிரிம் விஷயத்தில் நேர்மாறு. பிளாஸ்டிக் உறைகளுக்குப் பழைய பாகமே போதும். கொளுவி உடைந்ததை மட்டும் பின்பக்கம் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து ஒட்டலாம், நிற்கும், ஆனால் கிளிப் உட்காரும் இடம் நொறுங்கியிருந்தால் வீண் வேலை. அட்டைப் பலகை தண்ணீரில் ஊதியிருந்தால் காயவைத்து எந்தப் பயனும் இல்லை. அதையே அளவுக்கு வைத்து மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, மேலே கார்ப்பெட் ஒட்டுவது புது அசலை விட மலிவு, பல நேரம் உறுதியும் கூட. கிளிப்புகள் மட்டும் எப்போதும் புதிது, பழையது கழற்றும்போதே பாதி உடைந்துவிடும்.

டிரிம்மை உடனே மாட்டிவிடாதீர்கள். டிக்கியின் உள் தகட்டை டிரிம் இல்லாமல் வெறுமனே விட்டு, மூடியை மூடிவிட்டு, வெளியே ஒருவர் ஹோஸில் தண்ணீர் அடிக்க, பின் சீட்டை மடக்கி உள்ளே இருந்து டார்ச்சில் ஒருவர் பார்க்கட்டும். பின் விளக்கின் கேஸ்கெட், ஆன்டெனா அடி, தகடுகள் சேரும் மடிப்பு, பல நேரம் பீடிங்கில் இல்லாமல் இந்த இடங்களில்தான் ஒழுகும்.