நிலம் மகளுக்கா, மகனுக்கா? சுமத்ரா மலையில் இரண்டு முறைகள்

சுமத்ரா தீவின் மேற்கு ஓரமாக நீளும் புக்கிட் பாரிசான் மலைத்தொடரில், நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு நேரெதிரான இரண்டு பதில்கள் உண்டு. புக்கிட்டிங்கி, பாத்துசங்கார் பக்கம் உள்ள மினாங்கபாவ் கிராமங்களில் வயலும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வடக்கே பெராஸ்தகி, கபன்ஜாஹே பக்கத்துக் காரோ கிராமங்களில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். இரண்டும் எரிமலை மண், இரண்டும் குளிர்ந்த மேட்டு நிலம். ஆனால் கணவன் இறந்தால், கடன் கழுத்தை நெரித்தால், பிள்ளைகள் பெருகினால் என்ன ஆகும் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

முதலில் மினாங்கபாவ். இவர்கள் தொழுகை தவறாத முஸ்லிம்கள். அதே சமயம் உலகிலேயே பெரிய தாய்வழிச் சமூகமும் இவர்கள்தான். தலைமுறை தலைமுறையாக வரும் சொத்துக்குப் ‘புசாக்கா திங்கி’ என்று பெயர். அது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. ஒரே பாட்டியின் வழி வந்த ‘காவும்’ என்ற குடும்பக் குழுவுக்குச் சொந்தம். அனுபவிப்பது பெண்கள், மேற்பார்வை பார்ப்பது தாய்மாமன். அவரை ‘மாமாக்’ என்கிறார்கள். அந்த மாமாவாலும் ஒரு துண்டு நிலத்தைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது.

விற்க முடியாது, சரி. ஒத்திக்கு வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் மரபு சொல்லும் காரணங்கள் நான்கே நான்கு: குடும்பத்தின் பெரிய வீடு ஒழுகினால், வயது வந்த பெண்ணுக்குத் திருமணம் ஆகாமல் இருந்தால், வீட்டில் பிணம் கிடந்து அடக்கச் செலவுக்கு வழியில்லை என்றால், காலியாகிப்போன குலத்தலைவர் பட்டத்தை மறுபடி ஏற்ற வேண்டும் என்றால். பிள்ளை படிப்பும் வியாபாரக் கடனும் இந்தப் பட்டியலில் இல்லை. நடைமுறையில் அவற்றுக்காகவும் ஒத்தி வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தொகையைப் பெரும்பாலும் பொன் கணக்கில் பேசுவார்கள். அந்தப் பொன் திரும்பி வரும்வரை ஒத்தி பிடித்தவர் வயலில் பயிர் செய்து விளைச்சலை எடுத்துக்கொள்வார். ஏழு வருடம் ஒத்தியில் இருந்த விவசாய நிலத்தைப் பணம் வாங்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1960-இலேயே இந்தோனேசியா சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் கொடுத்த பொன்னைத் திருப்பாமல் வயலைக் கேட்பது கிராமத்தில் மரியாதைக் குறைவு. அதனால் பழைய கணக்கே இன்னும் ஓடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஆணின் இடம் எது? பெரிய வீட்டில் அறைகள் மணமான பெண்களுக்குத்தான். அந்தக் காலத்தில் பையன்கள் சிறு வயதிலேயே ‘சுராவ்’ என்ற தொழுகை இல்லத்துக்குப் படுக்கப் போய்விடுவார்கள். திருமணமான பின் மனைவி வீட்டில் அவர்கள் விருந்தாளி. எரிந்த அடிமரத்தின் மேல் ஒட்டிய சாம்பல் என்று அவர்களே கணவனைச் சொல்வதுண்டு, காற்றடித்தால் பறந்துவிடும். இளைஞர்கள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் வழக்கம் மினாங்கபாவ்களிடம் இவ்வளவு ஊறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்காவில் இமாமாக இருந்த அகமது கதீப் என்ற மினாங்கபாவ் அறிஞரே இந்த வாரிசுமுறை இஸ்லாத்துக்கு விரோதம் என்று கடுமையாக எழுதினார். 1952-இல் புக்கிட்டிங்கியில் உலமாக்களும் குலத்தலைவர்களும் கூடி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: பரம்பரைச் சொத்து தாய்வழியிலேயே போகட்டும், ஒருவர் தானே உழைத்துச் சேர்த்தது இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிரியட்டும். காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் இன்று பெரும்பாலான குடும்பங்கள் தனி வீடு கட்டிக்கொள்கின்றன. கணவன் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடு, மனைவியின் பரம்பரை மனைமேல் நிற்கிறது. வீடு அவன் உழைப்பு, மண் அவளுடைய குலம். விவாகரத்தானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது அவன்தான். இந்த முறையில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது இந்த இடம்.

அடுத்து காரோ. கின்டிங், தாரிகான், செம்பிரிங், பெராங்கின்-அங்கின், காரோ-காரோ என்று ஐந்து குலங்கள். செம்பிரிங் குலத்துக்குள் சோழியா, பாண்டியா, மெலியாலா என்று கிளைகள் இருப்பது தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று உறைக்கும். மேற்குக் கரையில் கற்பூரம் விளைந்த பாருஸ் துறைமுகத்தை ஒட்டி, ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த வணிகத் தொடர்பின் தடம்தான் இந்தப் பெயர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தாயின் உடன்பிறந்தவரை ‘மாமா’, அவர் மனைவியை ‘மாமி’ என்றே காரோக்களும் அழைக்கிறார்கள். மாமன் மகளைக் கட்டுவது அவர்களுக்கும் விருப்பமான முறை. ஆனால் அத்தை மகளைக் கட்டக் கூடாது.

பழைய காரோ வழக்கில் நிலம் மகன்களுக்குள் பிரியும். மகளுக்குத் திருமணத்தின்போது ஏதாவது கொடுக்கலாம். அது அன்பளிப்பு, உரிமையல்ல. மகன் இல்லாத விதவையின் கணவன் சொத்து அவன் சகோதரர்களுக்குத் திரும்பிவிடும். அவளையே கொழுந்தன் மணந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. இத்தனைக்கும் வயலில் குனிந்து நிமிர்வதும் சந்தையில் பேரம் பேசுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். காபிக்கடையில் சதுரங்கப் பலகை முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆண்களை எந்தக் காரோ ஊரிலும் பார்க்கலாம். உழைப்பவளுக்கு உரிமை இல்லாத இந்த ஏற்பாட்டை மரபு என்று சொல்லி நியாயப்படுத்த என்னால் முடியாது.

1961-இல் ஒரு காரோக் குடும்ப வழக்கில், மகனுக்கும் மகளுக்கும் வாரிசுரிமை சமம் என்று இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் முன்னுதாரணமான பெரிய தீர்ப்பு அது. ஆனாலும் அண்ணன்மேல் வழக்குப் போடும் பெண் பிறந்த வீட்டு உறவையே பணயம் வைக்கிறாள். காரோ ஊரில் கல்யாணமோ கருமாதியோ பெண் கொடுத்த வீட்டார் இல்லாமல் நடக்காது. அந்த இழப்பை நினைத்தே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, பணம் என்று வரும்போது? இங்கே காரோ முறை முந்துகிறது. டச்சுக்காரர்கள் காலத்திலேயே இந்த மேட்டு நிலத்துக் காய்கறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியது. இன்று முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாம் மலைக்குக் கீழே உள்ள பெருநகரமான மேடானுக்கு லாரியில் இறங்குகின்றன. நிலம் ஒருவர் கையில் இருப்பதால் குத்தகைக்கு விடவும் அடகு வைத்து வங்கிக் கடன் வாங்கவும் விற்கவும் அவரே முடிவெடுத்துவிடலாம். மினாங்கபாவ் வயலுக்குப் பட்டா எடுக்க வேண்டுமானால் ‘ராஞ்சி’ எனப்படும் தாய்வழிக் குடும்ப மரம் வேண்டும். அதில் தாய்மாமனும் குலத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு சித்தி மகள் மறுத்தால்கூட வேலை நின்றுவிடும். வயல் சின்னதாகி வாரிசுகள் பெருகிய குடும்பங்களில் இந்த வருடம் அக்கா, அடுத்த வருடம் தங்கை என்று முறைவைத்துப் பயிரிடுகிறார்கள். அடுத்த வருடம் வேறொருவர் இறங்கப் போகும் வயலில் வரப்பைச் சீர்செய்யவோ மண்ணை வளப்படுத்தவோ யார்தான் கைக்காசைப் போடுவார்?

ஆனால் இந்த இழுபறிதான் நிலத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது. காரோ மேட்டில் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து மேடான்காரர்கள் வாங்கிய மனைகளில் வார விடுமுறை வில்லாக்கள் முளைத்துவிட்டன. ஒருமுறை கைமாறிய நிலம் ஊருக்குத் திரும்புவது அபூர்வம். மினாங்கபாவில் ஒத்திக்குப் போன வயல் மூன்றாவது தலைமுறையிலும் மீட்கப்படலாம். நகரத்தில் தோற்றுத் திரும்பும் மகளுக்கு இறங்க ஒரு வயல் இருக்கும்.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், நிலத்தில் முதல் போட்டுத் தொழில் செய்ய நினைக்கும் ஆணுக்குக் காரோ முறை வசதி. அந்த மலையிலேயே வாழ்ந்து, பிள்ளை வளர்த்து, முதுமையடையப் போகும் பெண்ணுக்கு மினாங்கபாவ் முறைதான் பாதுகாப்பு. நான் அவள் பக்கம். காரோ முறை 1961 தீர்ப்பை ஊர்க்கூட்டத்திலும் ஒத்துக்கொண்டால் என் கணக்கு மாறும். மினாங்கபாவ் முறைக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. 2017 முதல் அரசு கிராமம் கிராமமாக நிலப்பதிவு செய்து பட்டா வழங்கிவருகிறது. பொதுச் சொத்துக்கான பட்டா மாமா ஒருவர் பெயரில் மட்டும் வந்தால், பின்னாளில் அவருடைய சொந்தப் பிள்ளைகள் அதைத் தகப்பன் சொத்து என்று உரிமை கொண்டாடலாம். பதிவு முகாம் ஊருக்குள் வரும்போது ராஞ்சியில் உள்ள பெண்கள் எல்லாருடைய பெயரும் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும்.