தும்மலை உடனே நிறுத்தும் ஊசி: பெயரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்

காலையில் எழுந்ததும் இருபது முப்பது தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, சிவந்து அரிக்கும் கண், நமநமக்கும் மேலண்ணம். நம் ஊரில் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சைனஸ்'. அது தப்பான பெயர். மருத்துவத்தில் இது ஒவ்வாமை மூக்கழற்சி. சீமைக்கருவேல மகரந்தம், பார்த்தீனியம், மெத்தையில் வாழும் தூசி உண்ணி என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. சைனஸ் என்று சொல்லிவிட்டால் ஆன்டிபயாடிக் எழுதலாம், ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், ஆபரேஷன் வரை பேச்சை வளர்க்கலாம். காய்ச்சல், முகவலி, கெட்டியான மஞ்சள் சளி எதுவும் இல்லாமல் தும்மலும் அரிப்பும் மட்டும் இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் ஒன்றுமே செய்யாது.

அதிகம் பேர் மாட்டுவது ஊசியில்தான். க்ளினிக்கில் நடப்பது இப்படி: இரண்டு நிமிடம் பேச்சு, இடுப்பில் ஒரு ஊசி, பொட்டலத்தில் சின்ன வெள்ளை மாத்திரை. சீட்டு கிடையாது. இரண்டு நாளில் தும்மல் அடியோடு நிற்கும். "கைராசிக்காரர்" என்று ஊர் பேசும். மூன்று நான்கு வாரம் கழித்துத் தும்மல் திரும்பும், ஆளும் திரும்புவார்.

அந்த ஊசி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, அவில் என்ற அலர்ஜி ஊசியோடு சேர்த்துப் போடும் டெக்ஸாமெத்தசோன். இரண்டாவது, பால்போல் கலங்கலாக இருக்கும் ட்ரையம்சினலோன் 40 மி.கி. இது தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் கசியும். இரண்டுமே ஸ்டீராய்டு. பொட்டலத்து வெள்ளை மாத்திரை பெரும்பாலும் பீட்டாமெத்தசோன், அதுவும் அதே ரகம். ஒரு கணக்கு: மூக்கு ஸ்ப்ரேயில் புளூட்டிகசோன் (இதுவும் ஸ்டீராய்டுதான்) ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் போகிறது, அதிலும் ரத்தத்தில் சேர்வது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஊசியில் 40,000 மைக்ரோகிராம் ஒரே நேரத்தில் உடம்புக்குள். மருந்து வேறு வேறுதான், ஆனாலும் அளவின் பாரம் புரியும். 'ஸ்ப்ரே அடித்தால் பழகிவிடும், ஊசியே நல்லது' என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், மாதவிலக்கு தள்ளிப்போகும், ஊசி போட்ட இடம் குழி விழுந்து வெளுக்கும். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறக்கும். அரிதாக இடுப்பு எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கவும் செய்யும். மகரந்தக் காலத்தில் வருடாவருடம் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களை டென்மார்க்கில் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான முடிவு: அவர்களிடம் நீரிழிவும் எலும்புத் தேய்மானமும் கூடுதல். ஒவ்வாமை மூக்கழற்சிக்கான சர்வதேச வழிகாட்டுதலும் இந்தத் தசை ஊசி வேண்டாம் என்றே சொல்கிறது. ஊசி ஏறும் முன் குப்பியை வாங்கிப் படியுங்கள், பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். பெயரும் கலவையும் தொகுதி எண்ணும் இல்லாமல் வரும் 'மூலிகைப் பொடி' மூன்றே நாளில் குணமாக்கினாலும், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்ற இதே சந்தேகம் வரட்டும்.

அடுத்தது பரிசோதனை என்ற பெயரில் பறிக்கும் பணம். 'இருநூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை' என்று ஒரு பட்டியல் வரும். கத்தரிக்காய், கோதுமை, பால், முட்டை எல்லாம் சிவப்பில். அதில் அளப்பது ஐஜிஜி. நாம் சாப்பிடும் எதற்கும் உடம்பு உண்டாக்கும் சாதாரண எதிர்ப்பொருள் அது. ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளை நம்பிப் பிள்ளைகளுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவதுதான் கொடுமை. ஒவ்வாமையில் ஏறும் எதிர்ப்பொருளான ஐஜிஇயின் மொத்த அளவை மட்டும் பார்த்து முடிவு சொல்வதும் போதாது. வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறும்.

பயன்படுவது தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை. முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களின் கரைசலைச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிமுனையால் லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளவுகோலால் அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். கூடவே, யாருக்கும் தடிப்பு வரவைக்கும் ஹிஸ்டமின் சொட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது தடிக்காவிட்டால் மொத்தச் சோதனையும் செல்லாது. செட்ரிசின் வகை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தாமல் போனால் இப்படித்தான் எல்லாம் தட்டையாக வரும், 'அலர்ஜி இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாத்திரையை நிறுத்த முடியாதவர்கள் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை கேட்கலாம். இறால் பாசிட்டிவ் என்று வந்தாலும், இதுவரை தின்று ஒன்றும் ஆகாதவர் இறாலை நிறுத்த வேண்டியதில்லை.

சோதனை முடிந்த கையோடு 'தடுப்பு மருந்து' விற்பவர்கள் உண்டு. ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாக ஏற்றி உடம்பைப் பழக்கும் இம்யூனோதெரபி நல்ல சிகிச்சைதான். ஆனால் குறைந்தது மூன்று வருடம் ஆகும், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும், கடும் ஒவ்வாமை வந்தால் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இழுப்பு (ஆஸ்துமா) கட்டுக்குள் இல்லாதவருக்குப் போடவே கூடாது. 'வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்' என்று குப்பியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். பூஞ்சை, கரப்பான், மகரந்தம் எல்லாம் ஒரே குப்பியில் என்றாலும் வேண்டாம். முதல் இரண்டில் உள்ள நொதிகள் மகரந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சொட்டே மூக்கை அடைக்கும். மாட்டிக்கொண்டவர்கள் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிக்கொண்டு, முதலில் ஒரு நாசியில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அது திறந்ததும் மற்றதில். லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை மாதக்கணக்கில் எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் மான்டெலுகாஸ்டுக்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது.

ஸ்ப்ரேயே கொடுத்தாலும் அடிக்கும் முறையைச் சொல்லித் தர யாருக்கும் நேரமில்லை. பிறகு 'வேலை செய்யவில்லை' என்று மறுபடி ஊசிக்கே போகிறார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, புதிது என்றால் பனிபோல் வரும்வரை காற்றில் அடியுங்கள். தலையைச் சற்றே குனியுங்கள், அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போகும். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அதே பக்கத்துக் கண்ணின் வெளிஓரத்தைப் பார்க்கட்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் வரும். பலமாக உறிஞ்சாமல் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். நாசிக்கு இரண்டு, தினம் ஒரு வேளை. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும்.

ஏற்கனவே பல தடவை ஊசியோ மாதக்கணக்கில் வெள்ளை மாத்திரையோ எடுத்தவர்கள் பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காலை கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டின் அளவு), சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அடுத்த சில மாதங்களில் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஊசி போட்ட தேதிகளை மறக்காமல் சொல்லுங்கள்.