“புது மாடல் வரப்போகுது, இப்பவே மாத்திடுங்க” என்றால் கவனம்: ஒரு டெஸ்க்டாப் அப்கிரேடில் நடந்த ஏமாற்று

“புது மாடல் வரப்போகுது. வந்ததும் எல்லாம் விலை ஏறிடும், இப்பவே மாத்திடுங்க.” இந்த வார்த்தையை நம்பி, மெதுவாக ஆனாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்பை ஒருவர் கடையில் கொடுத்து அப்கிரேட் செய்து வாங்கியிருக்கிறார். கொடுத்ததைவிட ஐந்து வருடம் பழைய இயந்திரம் அவர் கைக்கு வந்திருக்கிறது. பில்லில் நான்கே வரி: கோர் ஐ7 ப்ராசஸர் புது போர்டுடன், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. நான்கில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனாலேயே இந்த ஏமாற்று பலருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை.

முதலில் அவரிடம் இருந்தது என்ன என்று பார்ப்போம். ஐ5-7400 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஒரு ஹார்டு டிஸ்க். ப்ராசஸர் 2017 ஜனவரியில் வந்தது. இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 32 ஜிபி வரை ராம் போடலாம், டிஸ்க்கை மாட்டும் சாட்டா போர்ட்டுகள் எல்லாம் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம். குறை இரண்டுதான். ஹார்டு டிஸ்க்கால் எல்லாம் இழுத்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகப் போகாது, ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் 8-வது ஜெனரேஷனிலிருந்துதான் ஏற்கிறது.

வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐ7-3770. 2012 ஏப்ரலில் வெளியான மூன்றாம் ஜெனரேஷன். ஐ7 என்பது வரிசையின் பெயர்தான், அதில் வருடம் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது: 3770-ல் முதல் 3 மூன்றாம் ஜெனரேஷன், 7400-ல் 7 ஏழாம் ஜெனரேஷன், 12400-ல் 12 பன்னிரண்டாம் ஜெனரேஷன். நியாயமாகச் சொன்னால், ஒரே நேரத்தில் பல வேலை ஓடும்போது 3770-ன் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகளின் எண்ணிக்கை) கொஞ்சம் கைகொடுக்கும். ஒற்றை வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கொஞ்சத்துக்காக அவர் இழந்தது நிறைய.

போர்டு எச்61. பெட்டி புதிது, பிளாஸ்டிக் உறை புதிது, வடிவமைப்பு 2011-ஐச் சேர்ந்தது. டிடிஆர்3 ராம், அதிலும் 16 ஜிபிதான் உச்சம். இன்று போட்ட 16-க்கு மேல் என்றைக்கும் ஏற்ற முடியாது. முன்பு இருந்த டிடிஆர்4 ராமும் இதில் பொருந்தாது. அதைவிட மோசம், எச்61 சிப்செட்டில் 6 ஜிகாபிட் சாட்டா கிடையாது, 3 ஜிகாபிட்தான். நொடிக்கு 550 எம்பி வேகத்தில் படிக்கக்கூடிய எஸ்எஸ்டி இதில் சுமார் 270 எம்பியில் நின்றுவிடும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு அதுவே பறப்பதுபோல் இருக்கும். ‘சூப்பர் ஸ்பீடு’ என்று அவர் திருப்தியோடு திரும்பியதற்குக் காரணம் எஸ்எஸ்டி மட்டும்தான். அதே எஸ்எஸ்டியைப் பழைய போர்டிலேயே மாட்டியிருந்தால் இரண்டு மடங்கு வேகம் கிடைத்திருக்கும்.

4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்றது ஜிடி 730. இது 2014-ல் வந்த கார்டு. இதன் கெப்ளர் சிப் வகைக்குப் புது கேம் டிரைவர்கள் 2021-லேயே நின்றுபோயின. 4 ஜிபி என்ற எண் இங்கே ஒரு பயனும் தராது. அந்த மெமரியை நிரப்பி வேலை வாங்கும் அளவுக்கு இந்த சிப்புக்குச் சக்தி இல்லை. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பழைய ஐ5-7400-க்குள்ளேயே இருந்த எச்டி 630 கிராபிக்ஸ், விபி9 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும் (விரித்துக் காட்டும்). யூடியூப்பின் 4கே வீடியோக்களுக்கு அது வேண்டும். ஜிடி 730-க்கும் 3770-க்குள் இருக்கும் எச்டி 4000-க்கும் அது வராது. முன்பு சத்தமில்லாமல் ஓடிய வீடியோவுக்கு இப்போது ப்ராசஸர் மூச்சு வாங்குகிறது, ஃபேன் இரைகிறது. காசு கொடுத்து வாங்கிய கார்டு, இலவசமாக இருந்ததைவிடக் கீழே.

“விண்டோஸ் 11 போட்டுத் தந்துட்டோம்” என்பதும் பில்லோடு சொன்ன வாக்குதான். மூன்றாம் ஜெனரேஷனுக்கு அது அதிகாரபூர்வமாகக் கிடையாது. நிறுவும்போது நடக்கும் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள். இப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுக் கணினியில் ‘உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்ற பொருளில் எழுதியிருந்தால் அது உங்கள் பெயருக்கு வந்த லைசென்ஸ் அல்ல.

சரி, அவருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது? ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ராமும். இரண்டையும் மாட்ட அரை மணி நேரம் போதும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தாலும், வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அந்த அவகாசத்துக்குள் நிதானமாகப் புது போர்டும் ப்ராசஸரும் தேர்ந்தெடுத்திருக்கலாம். இன்டெலின் 12-வது ஜெனரேஷனுக்கான எச்610, பி660 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு என்பதால் அதே ராம், அதே எஸ்எஸ்டி இரண்டும் புது போர்டுக்கே மாறியிருக்கும். போட்ட காசில் எதுவும் வீணாகாது. அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் மனதை வருத்துகிறது.

எதை மாற்றுவது என்பதைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்து, கணினி திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, ப்ராசஸர் 20, 30-ல் இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் ராம் போதவில்லை. பல சமயம் ராம் போதாததால்தான் டிஸ்க்கும் 100-ல் நிற்கும், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ப்ராசஸர் 100-ல் இருந்தால் உடனே அதை மாற்றக் கிளம்ப வேண்டாம். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் தூசி அடைத்து, இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்தாலே சில கணினிகள் மீண்டுவிடும்.

‘புது மாடல் வரப்போகுது’ என்ற பேச்சுக்கு வருவோம். வரப்போவது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது உங்களுக்கானதா என்பதுதான் கேள்வி. புது ஜெனரேஷன் வரும்போது பெரும்பாலும் விலை கூடிய வகைதான் முதலில் இறங்கும். இன்டெலின் 12-வது ஜெனரேஷன் 2021 நவம்பரில் கே வகை ப்ராசஸர்களோடும் இசட்690 போர்டுகளோடும் வந்தது. பெரும்பாலோர் வாங்கும் ஐ5-12400, பி660, எச்610 எல்லாம் 2022 ஜனவரியில்தான். கோர் அல்ட்ரா 200 வரிசையும் அப்படியே: 2024 அக்டோபரில் இசட்890, 2025 ஜனவரியில் பி860. ஏஎம்டியில் ரைசன் 7000 வரிசை 2022 செப்டம்பரில் வந்தது, ரைசன் 5 7600 வந்தது 2023 ஜனவரியில்தான். நடுத்தர பட்ஜெட்காரர் அறிவிப்பு நாளைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் வகையை. அதற்குள் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) வரும் ஆரம்பகாலக் கோளாறுகளுக்கும் ஓரிரு அப்டேட் வந்திருக்கும்.

புது மாடல் என்ற பெயரில் மாற்றமே இல்லாமலும் வரும். ஐ5-13400-க்கும் ஐ5-14400-க்கும் கோர் எண்ணிக்கை ஒன்றே, உச்ச வேகம் 4.6-லிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆனது, அவ்வளவுதான். ஆனால் ஐ7-13700-லிருந்து ஐ7-14700-க்கு நான்கு சிறிய கோர்கள் கூடின. ஒரே வெளியீட்டில் ஒன்றுக்குக் காத்திருந்தது வீண், மற்றொன்றுக்குக் காத்திருந்தது பலன். எனவே கடைக்காரர் ஜெனரேஷன் எண்ணைச் சொன்னால், அந்தக் குறிப்பிட்ட மாடலின் கோர், வேகம், கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்தில் பழையதோடு ஒப்பிடுங்கள்.

இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, வரப்போகிற ப்ராசஸர் இதே சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸரை மாட்டும் இடம்) உட்காருமா என்பது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் ரைசன் 7000 வாங்கியவர் பயாஸ் அப்டேட் செய்து 9000-ஐ அதே போர்டில் மாட்டலாம். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14-வது ஜெனரேஷன்கள் உட்காரும், கோர் அல்ட்ரா 200 உட்காராது, அதற்கு 1851. சாக்கெட் எண் ஒன்றாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. 6, 7, 8, 9 நான்கு ஜெனரேஷனுக்கும் பெயர் எல்ஜிஏ 1151தான். ஆனால் எச்110 போர்டில் 8-வது ஜெனரேஷன் வேலை செய்யாது. ‘அதே 1151 தான், போட்டுக்கலாம்’ என்று ஐ5-8400-ஐத் தலையில் கட்டும் வேலையும் நடக்கிறது.

ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். ரைசன் 5 1600 இருந்த பி450 போர்டில், பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, பிறகு ரைசன் 5 5600 மாட்டினால் விண்டோஸ் 11 பிரச்சினையும் சேர்ந்தே தீரும். வரிசையை மாற்றிச் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கும். 5600 கேட்டு 5500 வந்தால் வாங்க வேண்டாம், அதில் எல்3 கேஷ் 32-க்குப் பதில் 16 எம்பி.

விலை ஏறும் என்ற பேச்சு எப்போதும் பொய்யும் அல்ல. 2025-ன் இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. ஆனால் அந்த நிலையில் செய்ய வேண்டியது தேவைப்பட்ட ராமை மட்டும் வாங்குவது. அதைச் சொல்லி மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

பில் எப்படி இருக்க வேண்டும்? ப்ராசஸரின் முழு எண், எழுத்து உட்பட. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. பெட்டியோடு வந்ததா, பெட்டி இல்லாமல் ட்ரேயில் வந்ததா என்பதும் வேண்டும், வாரண்டி அதைப் பொறுத்தது. போர்டின் கம்பெனியும் மாடலும். ராமின் வகை, வேகம், எத்தனை குச்சி. எஸ்எஸ்டியின் மாடல் பெயர். கிராபிக்ஸ் கார்டுக்கு சிப், மெமரி அளவு, மெமரி வகை மூன்றும் வேண்டும். ஜிடி 1030-ல் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகைக்கு நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர். ஆர்டிஎக்ஸ் 3050-லும் 8 ஜிபியும் 6 ஜிபியும் வேறு வேறு, 6 ஜிபியில் கோர்களும் குறைவு. இதை எழுதித்தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் கேட்பதே இல்லை. இந்தப் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். ப்ராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். ஜிடி 730-ஐ இது தாங்கும். நாளைக்கு 8-பின் மின் இணைப்பு கேட்கும் கார்டு போட்டால் அந்த இணைப்பு ஒன்றே 150 வாட் வரை இழுக்கும், ஸ்லாட் வழியே இன்னும் 75 வாட் வரை. கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகும், ‘கார்டு ஃபால்ட்’ என்பார்கள். பழைய 4-பின் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து 8-பின்னுக்கு மாற்றும் ஒயரைக் கண்டால் மாட்டவே வேண்டாம், கனெக்டரின் பிளாஸ்டிக் உருகும் ஆபத்து உண்டு.

கணினி வந்த அன்றே சோதியுங்கள். மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் பெயரை மாற்றிவைக்க முடியும், அதனால் சிபியு-இசட் என்ற மென்பொருளை வைத்து ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றையும் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ (ஓடிய மணி நேரம்) ஆயிரக்கணக்கில் இருந்தால் எஸ்எஸ்டி புதிதல்ல. அதே திரையில் ட்ரான்ஸ்ஃபர் மோடில் சாட்டா/300 | சாட்டா/600 என்றிருந்தால் டிஸ்க் 6 ஜிகாபிட், போர்டு 3. கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் ஜிபியு-இசட், போலி சிப்பைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். டிடிஆர்5 6000 வாங்கி 4800-ல் ஓடினால் அது ஏமாற்றல்ல, ராமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை பயாஸில் ஆன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ராமுக்கு மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் மாற்றித்தரச் சொல்லலாம்.

ஏற்கனவே ஏமாந்திருந்தால், பெட்டிக்குள் எதையும் கழற்றாமல், சீல் கிழிக்காமல், பயாஸைத் தொடாமல் நிறுத்துங்கள். இந்தத் திரைகளை எல்லாம் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து, எழுத்தில் மாற்றித்தரக் கேளுங்கள். வாயால் பேசியதற்குச் சாட்சி இல்லை. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியில் தகராறு பதிவு செய்ய கெடு இருக்கும், அது முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் அவர் பழைய ஹார்டு டிஸ்க்கையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அழிக்காமல். சேமித்த பாஸ்வேர்டு, குடும்பப் படங்கள், அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அதிலேயே. குயிக் ஃபார்மட் செய்தாலும் மீட்டெடுக்கலாம். முழு ஃபார்மட் செய்யாத டிஸ்க்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்திருந்தால், இன்றே மின்னஞ்சலில் தொடங்கி வங்கிவரை எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.