குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கு சிக்னல் செயலி சரிப்படுமா?

உங்கள் டீம் மட்டுமாவது வாட்ஸ்அப்பை விட்டு சிக்னலுக்கு மாறிவிடுங்கள். நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டு வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது, 2016 முதல் அது சிக்னலின் பூட்டு முறையைத்தான் பயன்படுத்துகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தி போனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தலைவலி.

வீட்டு விசாரணைக்குப் போன இடத்தில் குழந்தையின் கையிலிருக்கும் சூட்டுத் தழும்பைப் படம் எடுத்து குரூப்பில் போடுகிறோம். அது நம் கேலரியில் உட்காரும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போகும், குரூப்பில் இருக்கிற பலரின் கேலரியிலும் தானாக இறங்கும், சாயந்திரம் கார்ட்டூன் பார்க்க வீட்டுப் பிள்ளைகள் எடுப்பதும் அதே போனைத்தான். சிக்னலுக்குள்ளேயே கேமராவைத் திறந்து எடுத்தால் படம் கேலரிக்கே போகாது. அனுப்புவதற்கு முன் முகத்தை மங்கலாக்கிவிடலாம், அந்த வேலை போனுக்குள்ளேயே முடிந்துவிடும். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் இவற்றை வெளியிட்டால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தப் படம் நாலு பேர் கைக்குப் போனால் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும்.

2024இல் வந்த யூசர்நேம் வசதியும் நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. சொந்த நம்பரைக் கொடுக்காமலே வளரிளம் பிள்ளைகளோடு பேசலாம், ராத்திரி குடித்துவிட்டுக் கூப்பிடும் அப்பாவிடம் நம் நம்பர் சிக்காது. ஆனால் கணக்குத் தொடங்க நம்பர் வேண்டும். கிராமத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் சிக்னல் செயலி இருக்காது, அவர்களோடு சாதாரண போன்தான்.

செய்தி தானாக அழியும் கால அளவை அதிகபட்சம் 4 வாரம் வைக்கலாம். இங்கே மட்டும் கவனம்: குழந்தை சொன்னது, நாம் பார்த்தது எல்லாம் அன்றைக்கே கேஸ் ஃபைலில் ஏற வேண்டும். குழந்தைகள் நலக் குழு கேட்கும்போது 'சிக்னலில் இருந்தது, அழிந்துவிட்டது' என்று சொல்ல முடியாது. சிக்னல் பேசிக்கொள்ள மட்டும், பதிவேடு தனி.

நிறுவியதும் நோட்டிஃபிகேஷனில் பெயரும் செய்தியும் தெரியாதபடி மாற்றுங்கள், ஸ்கிரீன் லாக் போடுங்கள். அப்புறம், ஆபீஸில் எல்லோரும் உட்காரும் கம்ப்யூட்டரில் சிக்னலை இணைக்கவே வேண்டாம், அடுத்து வந்து உட்காருகிறவர் கண்ணெதிரே எல்லா கேஸும் திறந்து கிடக்கும்.