குதிரைமேல் ஏறுவதா, கழுதைக்குப் பக்கத்தில் நிற்பதா?

கிளிநொச்சியில் இருக்கும் அம்மம்மாவுக்கு 74 வயது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முற்றத்துக்கு இறங்குவதே குறைந்துவிட்டது. "இங்கே வயதானவர்களைக் குதிரையில் ஏற்றிச் சிகிச்சை கொடுக்கிறார்கள்" என்றார் வெளிநாட்டு மாமா.

யோசனை நல்லதுதான். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாக, பக்கவாட்டில், லேசாகச் சுழன்றும் அசையும். நாம் நடக்கும்போதும் ஏறக்குறைய இப்படித்தான். கால் ஊன்றாமலே முதுகும் வயிறும் சமநிலைக்குப் பழகும். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அதன்பிறகு இந்த வழி பலர் கண்ணில் பட்டது.

ஆனால் பழக்கிய குதிரை, ஏறுவதற்கு மேடை, கூடவே நடக்க ஆட்கள், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஏறவே கூடாது. வன்னியில் அப்படியொரு குதிரைக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத் தீவான நெடுந்தீவில் உள்ள குதிரைகளோ யாரும் பழக்காத கட்டாக்காலிகள்.

கழுதை என்றால் மன்னார்த் தெருவிலேயே நிற்கிறது. சாதுவான ஒன்றின் தோள்பக்கம் அம்மம்மாவை நிறுத்தினோம். பின்பக்கம் போனால் உதைக்கும். ஒரு கை பிடிமானத்துக்குக் கதிரையில், மறு கையில் கழுதையை வாரிவிட பிரஷ். சவாரி அளவுக்கு இது இடுப்பை அசைக்காது, சரி. இருந்தாலும் என் தெரிவு இதுதான். கழுத்து மயிரை வாரிவிட, கழுதை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அம்மம்மா கதிரையிலிருந்து கையை எடுத்து அதன் நெற்றியைத் தடவினார்.