செவலைக்கு எந்த வீடு: தோப்பா, கடற்கரையா, மதுரை ஃப்ளாட்டா, டவுன் வீடா?

தெருவிலிருந்து மீட்ட நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அதற்கு வீடு கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆள் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குகிற நாய்க்கு வீடு தேடும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இடம் பெரிதா, ஆட்கள் அன்பானவர்களா என்று பார்த்தால் மட்டும் போதாது. கதவு எப்படி மூடும், வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள், ஒரு நாள் மாதிரியே மறுநாளும் இருக்குமா, இதையெல்லாம்தான் நான் முதலில் பார்ப்பேன்.

செவலை என்கிற இந்தப் பெண் நாய், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மீன் இறங்குதளத்தில் சங்காய மீன், அதாவது விலை போகாமல் ஒதுக்குகிற மீன், தின்று வளர்ந்தவள். கருத்தடை ஆகிவிட்டது, ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள். சூடை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தால் நான் நிற்கும்வரை தொடமாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் நக்கும் சத்தம் கேட்கும். என் வளையல் குலுங்கினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். ஆண் குரல் கேட்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. ஆனால் எங்கள் வீட்டு நாய் மணி வெளியே வந்தால், அவன் பின்னாலேயே இவளும் முற்றம் வரை வருகிறாள்.

கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. எப்போதோ ஒரு வீட்டில் இருந்தவள் என்பதற்கு அதுவே அடையாளம். இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் மனிதக் கை படாமல் வளர்ந்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். கைபட்டு வளர்ந்து, அப்புறம் அடிபட்டுப் பயந்த நாய் திரும்பி வர வழி உண்டு. செவலை இரண்டாவது வகை என்பது என் கணிப்பு. அதனால்தான் அவளுக்கு வீடே தேடுகிறேன்.

கேட்டு வந்தவர்கள் நான்கு பேர். இந்தக் கடற்கரையில் நாய்க்கு வீடு தேடும் யாருக்கும் ஏறக்குறைய இதே நான்கு வகைதான் வரும்.

எல்லோரும் கைகாட்டியது உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை. நிழல், காற்று, தொட்டி நிறையத் தண்ணீர். நாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார்கள். என் கணக்கில் கடைசி இடம் இதற்குத்தான். வேலி முள்கம்பி வேலி, நாய் நுழைகிற சந்து எத்தனையோ இருக்கிறது. வேலியைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு. பயந்த நாய் அதற்குள் போய்விட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது, குரலும் கொடுக்காது. தேடிப் போகிற ஆள் முள் குத்தித் திரும்ப வேண்டியதுதான். தோப்புக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வேண்டியது காவல். "ராத்திரி ஆள் வந்தா குரைச்சாப் போதும்மா, கட்டிப் போட்டா நாலு நாள்ல பழகிரும்" என்றார். பயத்தில் இருக்கும் நாய் முதலில் விலகி ஓடத்தான் பார்க்கும். கட்டிப்போட்டால் ஓட வழியில்லை, அதனால் கடிக்கும். தேங்காய் வெட்டுக்கு அரிவாளும் கயிறுமாக ஆட்கள் வருகிற இடம் வேறு. ஒரு தடவை கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே தடுப்பூசிக்கு ஓட வேண்டும். அதற்குப் பிறகு அந்த நாயை யாரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். துணிச்சலான, ஆளைப் பார்த்துக் குரைக்கிற நாய் என்னிடம் இருந்தால், கட்டிப்போடக் கூடாது என்று பேசிக்கொண்டு, அவருக்கே கொடுப்பேன்.

நாய் ஓடிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துரத்தக் கூடாது, கூட்டமாகப் போய்க் கூப்பிடவும் கூடாது. ஓடிய இடத்திலேயே அது படுத்த துணியையும் வழக்கமான சோற்றையும் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் அடங்கிய பின்னிரவில்தான் பெரும்பாலும் வெளியே வரும்.

இரண்டாவது, பாம்பனில் ஒரு மீனவர் வீடு. மனதளவில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த வீடுதான். செவலையைப் பார்க்க வந்தவர்களிலேயே சரியாக நடந்துகொண்டவர் அந்த வீட்டுப் பாட்டி. மற்றவர்கள் குனிந்து, "வா வா" என்று கையை மூக்குக்கு நேரே நீட்டினார்கள். செவலை உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கம் வந்து கொட்டாவி விடுகிற நாய் இல்லை அது, பதற்றத்தில் விடுகிற கொட்டாவி. பாட்டி வந்தார், பின்கட்டுப் படியில் பக்கவாட்டில் உட்கார்ந்தார், வெற்றிலை மடித்தார், என்னோடு மீன் விலை பேசினார். நாய் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போக, செவலை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவர் சேலை முந்தானையை மோந்து பார்த்துவிட்டுப் போனாள். பாட்டி அப்போதும் கையை நீட்டவில்லை. "அதுவா வரட்டும் தாயி" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டிக்காகவே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வீடுதான் ஒத்துவரவில்லை. வாசல் கதவை அங்கே மூடுவதே கிடையாது, மூடச் சொல்வதும் நியாயம் இல்லை. முற்றத்தில் கயிறும் வலையும் குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்த்து அவள் நடுங்குகிறாளோ அதுதான் அந்த வீட்டின் பிழைப்பு. பிள்ளைகள் ஓடியாடுகிற வீடு. இதோடு தடைக்காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆண்கள் முழு நேரமும் கரையில் இருப்பார்கள், படகு மராமத்து, பெயிண்ட், இன்ஜின் சத்தம், கையில் காசும் குறைவு. இறங்குதளத்தில் மீன் கழிவு குறைந்துவிடுவதால் பசித்த தெருநாய்கள் வீட்டு வாசல்களுக்கு வந்து சண்டை போடும். அதுவரை பழகியிருந்த நாய்கூட அந்த இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடக்கூடும்.

ஆனால் இன்னொரு வகை நாய்க்கு இதுதான் முதல் இடம். மனிதரோடு எப்போதுமே வாழாத, ஆனால் தன் தெருவில் நிம்மதியாக இருக்கிற வளர்ந்த நாயை நான்கு சுவருக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் நல்லது ஆகாது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. அங்கே இந்தப் பாட்டி மாதிரி ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் வாசலில் சோறு வைத்தால் அந்த நாய்க்கு அது போதும். காப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நூறு நாய் குரைக்கிற இடத்தில் பயந்த நாய் மூலையைவிட்டு நகராது.

மூன்றாவது மதுரையில் ஒரு ஃப்ளாட். கடற்கரை நாயைக் கொண்டுபோய் மாடி வீட்டில் அடைப்பதா என்று பலரும் உடனே கழித்துவிடுகிறார்கள். நான் கழிக்க மாட்டேன். இளம் தம்பதி, குழந்தை இல்லை, ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். வீட்டுக் கதவு ஒன்று, கீழே கட்டடத்தின் கேட் ஒன்று, ஆக இரண்டு தடுப்பு. திங்கள்கிழமை இருப்பது மாதிரியே செவ்வாய்க்கிழமையும் இருக்கும் வீடு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். குடியிருப்போர் சங்கம் ஆட்சேபித்தால், பெரும்பான்மை தீர்மானம் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அவர்கள் சொந்த வீட்டில் இருப்பதால் வீட்டு உரிமையாளர் பிரச்சினையும் இல்லை.

சிக்கல் லிஃப்டில் வருகிறது. தெரியாத ஆணோடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் தினமும் நிற்பதை இவளால் இப்போதைக்குத் தாங்க முடியாது. முதல் சில மாதம் கீழே இறக்காமல், கம்பி போட்ட பால்கனியில் ஒரு தட்டு மணல் வைத்து, மலம், சிறுநீர் அதிலேயே கழிக்கப் பழக்கலாம் என்றேன். மணலில் போய்ப் பழகிய நாய், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அவர்களும் சம்மதித்தார்கள். மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ரயிலில் என்றால், முதல் வகுப்பு கூபே முழுவதையும் எடுத்தால் ஒழிய, கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க்கூண்டில்தான் ஏற்ற வேண்டும். அது இவளுக்கு வேண்டவே வேண்டாம். இரவில், கூண்டைத் துணியால் மூடி, காரில் போவதுதான் சரி. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அந்த வீட்டில் இன்னொரு நாய் இல்லையே என்பதுதான் எனக்குக் குறை.

நான்காவது, ராமநாதபுரம் டவுனில் பணி ஓய்வு பெற்ற ஓர் அக்கா. தனியாக இருக்கிறார், கூடவே பத்து வயதான ஒரு நாட்டு நாய். அது யார் வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர், கேட்டுக்கும் வீட்டுக்கதவுக்கும் நடுவில் கிரில் போட்ட தாழ்வாரம். மணியின் பின்னால் நடந்து முற்றத்துக்கு வருகிற செவலைக்கு, பதறாத ஒரு பெரிய நாய் நான்கு மனிதருக்குச் சமம். இந்த மனிதரிடம் போகலாமா என்பதை அது போவதைப் பார்த்துத்தான் இவள் முடிவு செய்வாள்.

குறை இல்லாமல் இல்லை. அந்த நாய்க்கு வயதாகிவிட்டது, இன்னும் சில வருடம்தான். ஆண்கள் அதிகம் வராத வீடு என்பது இன்றைக்கு நிம்மதி, ஆனால் ஆண்களைப் பற்றிய பயம் அப்படியே தங்கிவிடலாம். வாரம் ஒருமுறை வந்துபோகும் தம்பியிடம், கண்ணைப் பார்க்காமல் ஒரு துண்டு அவித்த கோழியைத் தூர வீசிவிட்டு நகர்ந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்றும் நேராகவே கேட்டேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் மகள் பொறுப்பு எடுத்துக்கொண்டாள்.

ஆக, என் வரிசை: டவுன் அக்கா, அடுத்து மதுரை, அப்புறம் பாம்பன், கடைசியில் தோப்பு. அக்காவிடம் பேசி முடித்தாயிற்று. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் பழகுவதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். செவலை மாதிரி நாய்க்கு ஒவ்வொன்றையும் தாராளமாக நீட்டிக்கொள்ளச் சொன்னேன். முதல் சில வாரம் ஒரே அறை, குளிப்பாட்டக் கூடாது, நாய் பார்க்க விருந்தாளி வரக் கூடாது. வெளியே எடுத்தால் கழுத்து பெல்ட் ஒன்று, நெஞ்சு பெல்ட் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்து ஒற்றை பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொள்வது சாதாரணம். சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் பயம் என்று விட்டுவிடாமல் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் பார்க்க வேண்டும். நம் பக்கம் உண்ணி அதிகம், காய்ச்சலும் பயமும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

கார்த்திகை தீபம் முடிந்து வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு கொண்டுபோய் விடுவதாக முடிவு. அதுவரை அங்கே இருக்கும் நாய் படுத்த துணி இங்கே வரும், இவள் படுத்தது அங்கே போகும். ஒத்துவரவில்லை என்றால் எந்த மாதமானாலும், எந்த வருடமானாலும் என்னிடமே திரும்பக் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, கடற்கரையில் கொண்டுபோய் விடவும் கூடாது. இதை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மதுரைத் தம்பதியிடமும் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாள் காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறேன்.