மரியன் தீவில் இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

டர்பனிலிருந்து, தெற்கே இந்தியப் பெருங்கடலில் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவுப் பக்கம் கடற்பறவைகளைப் பார்க்கக் கப்பலில் செல்ல எண்ணும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பயணச்சீட்டு உண்மையானது, கப்பலிலும் குறையில்லை; ஆனால் சீட்டு எடுத்துக் கொடுத்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள முகவர், ‘தீவில் இறங்கும் அனுமதிக் கட்டணம்’ என்று ஆளுக்கு 6,000 ராண்டு தனியாக வாங்கியது முழு மோசடி.

அவர் தந்த துண்டறிக்கையில் சிவப்பு மழைக்கோட்டு அணிந்த பயணிகள் அரசப் பெங்குவின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் படகில் கரைக்குப் போய் மூன்று மணி நேரம் தங்கலாம் என்றும் அச்சிட்டிருந்தது. கப்பலில் வந்திருந்த பறவையியலாளர் ஒருவரிடம் என் அப்பா அந்தத் தாளைக் காட்டி, படகு எப்போது புறப்படும் என்று கேட்டார். சுற்றுலாப் பயணிகள் எவரும் அங்கே இறங்க முடியாது என்று அவர் வருத்தத்துடன் விளக்கினார்.

எரிமலையால் உருவான இந்தத் தீவு 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகமாக இருக்கிறது. ஆய்வாளர்களும் அங்குள்ள ஆய்வு நிலையப் பணியாளர்களுமே அரசு அனுமதியோடு கரையேறலாம். அவர்களும் காலணியிலோ துணி மடிப்பிலோ ஒரு விதைகூட ஒட்டியிராதபடி சுத்தம் செய்தாக வேண்டும். இந்தக் கண்டிப்பு மிகவும் தேவையானது. சீல் வேட்டைக் கப்பல்களோடு வந்து பெருகிய சுண்டெலிகளைப் பிடிக்க 1949இல் கொண்டுவந்த ஐந்து பூனைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பறவைகளைக் கொன்றன. 1991இல்தான் கடைசிப் பூனையும் ஒழிந்தது. சுண்டெலிகளோ இன்றும் கூட்டில் அமர்ந்திருக்கும் ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அப்படிப்பட்ட இடத்திற்குச் சுற்றுலா அனுமதி என்று ஒன்றை இட்டுக்கட்டி விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கப்பல் 12 கடல் மைலுக்கு அப்பாலேயே நின்றுகொண்டது. ஆயினும் மேல்தளத்தில் கண்டது குறைவன்று: மூன்று மீட்டருக்கும் மேல் விரிந்த சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், அலைமுகட்டை உரசியபடி சரிந்து, காற்றைப் பிடித்து மீண்டும் மேலேறிய பேரால்பட்ராஸ் ஒன்று, கண்ணின் கருமை தெரியும் அளவுக்கு எங்கள் பக்கமாக வந்துபோனது. இதற்காகவே போகலாம், நல்ல இருநோக்கியும் கனத்த கம்பளி உடையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டபோது, “வானிலை சரியில்லைக்கா, கேப்டன் முடிவுக்கு நான் என்ன செய்ய முடியும்?” என்றார் முகவர். அனுமதியின் நகலைக் கேட்டேன். அதன்பின் தொலைபேசியை எடுப்பதே இல்லை.

2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொய்யான விவரம் கூறி விற்பதைத் தடை செய்கிறது. அதன்படி தேசிய நுகர்வோர் ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். ஃபீனிக்ஸிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இதே கட்டணத்தைக் கட்டியவர்கள் இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்திருந்து நீங்களும் புகார் கொடுங்கள்.